அல்சேஷன் எங்கள் வீட்டில் இருந்த நாட்கள்

வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று முதலில் சொன்னவர் என் கணவர். சண்டை முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்து, மன்னார்த் தீவில் அவருடைய அக்காவின் காணியில் சிறிய வீடு ஒன்றைக் கட்டிக் குடியிருந்த காலம் அது. அவர் மீன் லொறி ஓட்டினார். பேசாலையில் ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனால் மறுநாளோ அதற்கு மறுநாளோதான் திரும்புவார். அதுவரை நானும் மூன்று பிள்ளைகளும் தனியே. வளவுக்கு மூன்று பக்கம்தான் கிடுகு வேலி. நாலாவது பக்கம் வெறும் உவர் வெளி, அதைத் தாண்டினால் கடல்.

"வீட்டில நாய் ஒண்டு நிண்டால் நான் நிம்மதியா லொறி ஓடுவன்" என்றார்.

எனக்கு நிம்மதி எப்படியிருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. வன்னியை விட்டு வெளிக்கிட்ட அன்று, சனநெரிசலில் மூத்தவளின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளவனை இழுத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை அவளைத் தேடினேன். முன்பின் தெரியாத ஒரு தாய் அவளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து இருத்தி வைத்திருந்தாள். பிள்ளை கிடைத்துவிட்டாள். ஆனால் அன்றைக்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நான் வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுப்பேன். மெசினில் இருக்கும்போதும் காது முற்றத்தில்தான். பிள்ளைகளின் சத்தம் கேட்டால் எழும்புவேன். சத்தம் நின்றுபோனால் இன்னும் விரைவாக எழும்புவேன்.

என்ன நாய் எடுப்பது என்பதில் ஆளுக்கொரு கதை. மூத்தவளுக்குப் பதினொரு வயது. கலண்டர் படத்தில் இருந்த வெள்ளைப் பொமரேனியனைக் காட்டினாள். எட்டு வயதுக்காரனுக்கு எது பெரிதோ அது வேண்டும். நாலு வயதுக் கடைக்குட்டிக்கு, பிடித்து இழுக்க வாலிருந்தால் போதும். கனடாவிலிருந்து மச்சாள் தொலைபேசியில் வந்தா. "லப்ரடோர் எடுங்கோ. இஞ்ச பிள்ளையள் உள்ள வீடுகளில அதைத்தான் வளக்கினம்." இவருக்கு அல்சேஷனைத் தவிர வேறொன்றும் நாயாகவே தெரியவில்லை.

நான் அரசாங்க மிருக வைத்தியசாலைக்குப் போனேன். அங்கிருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை, வயது குறைவு. ஒரு நாய்ச் சாதியின் பெயரைச் சொல்லி அனுப்புவா என்று நினைத்தேன். அவவோ என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினா.

"பகலில வீட்டில ஆர் நிக்கிறது?"

"நான்தான்."

"வேலி வடிவா அடைச்சிருக்கோ?"

"மூண்டு பக்கம்."

"நாய்க்குச் சாப்பாடு வைக்கிறது, குளிப்பாட்டுறது, நடத்திக்கொண்டு போறது எல்லாம் ஆர்?"

"பிள்ளையள் செய்யிறம் எண்டு சொல்லுதுகள்" என்றேன். அவ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. "நான்தான் செய்யவேணும்" என்று திருத்திச் சொன்னேன்.

"சின்ன நாய் எண்டால் சின்னப் பிள்ளைக்குப் பயமில்லை எண்டு நினைக்காதேங்கோ அம்மா. வாலைப் பிடிச்சு இழுத்தால் பொமரேனியன் பொறுத்துக்கொண்டு நிக்காது. லப்ரடோர் நல்ல குணம்தான். ஆனால் அதுக்கு ஓட இடம் வேணும், இந்த வெக்கையில நிழலும் தண்ணியும் கவனமாப் பாக்கவேணும். என்ன சாதி எண்டதைவிட, அந்த நாய் எங்க, ஆரோட வளந்தது எண்டதைப் பாருங்கோ. கடைசிப் பிள்ளை இன்னும் கொஞ்சம் வளரட்டும் எண்டு பொறுத்தாலும் நல்லது."

வீட்டுக்கு வந்து பொறுக்கச் சொன்னதை இவரிடம் சொன்னேன். "கள்ளன் பொறுப்பானோ?" என்று கேட்டார்.

எதிர்வீட்டுக்காரியிடமும் ஒரு சொல் கேட்க வேண்டியிருந்தது. இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம் அவர்கள். அவர்களின் பிள்ளைகள் பொழுதுக்கும் எங்கள் முற்றத்தில்தான் விளையாடுவார்கள். அவள் தன் பிள்ளைகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"வளருங்கோ அக்கா. அதின்ர எச்சில் பிள்ளையள்ட உடுப்பில படாமல் பாத்தால் எங்களுக்குக் காணும். பட்டால் கழுவிப்போட்டுத்தான் தொழவேணும்." பிறகு சிரித்தாள். "உங்கட வீட்டில குலைச்சால் எங்கட வீட்டுக்கும் சேத்துத்தானே காவல்."

அந்தக் கிழமையே அல்சேஷன் வந்துவிட்டது. வங்கியில் வேலை செய்த ஒருவர், இவரிடம் வழக்கமாக மீன் வாங்குபவர், மாற்றலாகிக் கொழும்புக்குப் போக இருந்தார். அங்கே தொடர்மாடி வீடு, நாய் வைக்க இடமில்லை. "ரெண்டு கிழமை வச்சுப் பாருங்கோ. சரிவராட்டி நான் வேற இடம் பாக்கிறன்" என்று கொடுத்திருந்தார். இரண்டு வயதுப் பெண் நாய். லொறியின் முன்சீற்றிலிருந்து குதித்து இறங்கியது. முதுகு கறுப்பு, கால்கள் தேன் நிறம், காதுகள் நேரே நிமிர்ந்து நின்றன. பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள். அது மூவரையும் முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கியது. வைத்த தண்ணீரை நின்றபடி குடித்துவிட்டு மறுபடியும் நடந்தது. மறுநாள் விடிந்து பார்க்கும்போது வீட்டைச் சுற்றி மணலில் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது.

முதல் இரண்டு மூன்று நாள் எனக்கு அது பெரிய ஆறுதல். கடைக்குட்டி வேலியில்லாத பக்கம் போனால், முன்னால் ஓடிப்போய்க் குறுக்கே நின்று, உடம்பால் மெல்ல மெல்லத் தள்ளி அவனை முற்றத்துக்குக் கொண்டுவந்துவிடும். கடிக்காது, குலைக்காது. நான் மெசினில் இருந்தபடி ஜன்னலால் பார்த்தேன். எழும்பத் தேவையிருக்கவில்லை. அன்றைக்கு மாதா கோயிலில் முதல்நன்மை வாங்கப்போகும் ஒரு பிள்ளையின் சட்டையை ஒரே இருப்பில் தைத்து முடித்தேன்.

ஆனால் பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்கிற சாமான்கள் அல்லவே. மூத்தவள் எதிர்வீட்டுப் படியில் போய் இருந்தால் நாய் வாசல் படலையில் நின்று அனுங்கும். நடுவில் உள்ளவன் கிணற்றடியிலும் சின்னவன் குசினிக்குப் பின்னாலும் நின்றால், இங்கும் அங்குமாக ஓடி ஓடி நாக்குத் தள்ளும். மூவரும் கண்ணுக்கு முன்னால் இல்லாவிட்டால் சோற்றில் வாய் வைக்காது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்து கள்ளன் பொலிஸ் விளையாடினால் நடுவில் பாய்ந்து எங்கள் பிள்ளைகளைப் பிரித்து ஒரு பக்கம் ஒதுக்கும். எதிர்வீட்டுச் சின்னப்பெண் ஒருநாள் அதோடு இடிபட்டு விழுந்தாள். அதன்பிறகு அந்தப் பிள்ளைகள் வரவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கக் கூச்சப்பட்டேன்.

பகலில் நானும் நாயும்தான். அது காதை நிமிர்த்தினால் நான் மெசினை நிறுத்துவேன். நான் எழும்பினால் அது எழும்பி ஓடும். அது ஓடுவதைப் பார்த்து நான் வெளியே போவேன். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இராது. யாரோ ஒருவருடைய மாடோ கழுதையோ போய்க்கொண்டிருக்கும். திரும்பி வந்து இருந்தால் துணி நழுவி நிலத்தில் கிடக்கும்.

ஒருநாள் மூத்தவள் வெளியே போகாமல் என் பக்கத்தில் வந்து கதிரையில் இருந்தாள். "ஏன், விளையாடேல்லையா?" என்று கேட்டேன்.

"எங்க போனாலும் அது வந்து மறிக்குது. எனக்கு இப்ப ரெண்டு அம்மா இருக்கிற மாதிரிக் கிடக்கு."

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. நான் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இவரும் வீட்டில் நின்றார். பூசைக்கு வெளிக்கிட்டோம். நாயைப் பின்பக்கம் கட்டியிருந்தோம். அது அழுத அழுகையைப் பொறுக்கமாட்டாமல் நடுவில் உள்ளவன் போய் அவிழ்த்துவிட்டு வந்திருக்கிறான். எங்களுக்குத் தெரியாது. மூத்தவள் முன்னால் நடந்தாள். அவளைப் பிடிக்கிறேன் என்று அவன் படலையைத் தாண்டி ஓடினான். ஓடினவனை நாய் துரத்திப்போய்க் குதிக்காலில் பிடித்துவிட்டது. வெள்ளைக் காலுறை சிவந்தது. அவன் விழுந்து அலறினான்.

இவர் வேலித் தடியொன்றை உருவினார். நான் தடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்காதேங்கோ. அது அவனைக் கடிக்கேல்ல. போகவேண்டாம் எண்டு மறிச்சது."

"உனக்கென்ன விசரோ? ரத்தம் ஓடுது!"

"ஓம், ஓடுது. எண்டாலும் அடிக்காதேங்கோ."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. நாய் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தூரத்தில் நின்ற மூத்தவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை என்பதுதான் அதன் கவலை.

காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் பிள்ளைக்கும் ஊசி போட்டார்கள். பூசை முடிந்து சனம் திரும்பும்போது நாங்கள் ஆஸ்பத்திரி மர வாங்கில் இருந்தோம்.

மறுநாள் மிருக வைத்தியசாலைக்கு இவரும் வந்தார். டொக்டர் ஏசவில்லை. "இது நாயின்ர பிழையில்லை. மந்தை மேய்க்கிற சாதி. ஓடுறதைக் கண்டால் மறிக்கும், பிரிஞ்சு போறதைக் கண்டால் சேர்க்கும். நல்லாப் பழக்கி, வேலை குடுத்து வச்சிருக்கிற வீட்டில பிள்ளையளோட அருமையா நிக்கும். உங்கட வீட்டில ஆருக்கு அதுக்கு நேரமிருக்கு?" என்று கேட்டா. இவர் தலையைச் சொறிந்தார்.

வங்கிக்காரர் சொன்னபடி வேறு இடம் பார்த்தார். கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயலும் மாடும் வைத்திருந்த ஒருவரிடம் கொண்டுபோய் விட்டோம். நாங்கள் எல்லோரும் லொறியில் போனோம். கடைக்குட்டி வழிநெடுக அதன் காதைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அது அசையாமல் இருந்தது. பிறகு கேள்விப்பட்டோம்: கன்றுகளைத் துரத்தி வாய்க்காலில் இறக்கிவிட்டு அந்த மனிசனிடம் நல்ல ஏச்சு வாங்கியதாம். என்றாலும் வைத்துக்கொண்டார்.

வேறு நாய் வேண்டாம் என்று நான் இருந்தேன். பிள்ளைகள் விடவில்லை. கொஞ்சக் காலம் போனபின், அரிப்பு என்ற கடற்கரை ஊரில், மீன் ஏற்றுகிற வாடிக் கொட்டிலில் ஒரு மண்ணிறப் பெண் நாய் நிற்கிறது என்று இவர் சொன்னார். இந்த முறை நானே பார்க்கப் போனேன். காலைப்பொழுது முழுவதும் வலை கிடந்த நிழலில் குந்தியிருந்து அதைப் பார்த்தேன். வாடிப் பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. தவழ்கிற குழந்தையொன்று அதன் வாயிலிருந்த மீன்தலையைப் பறித்தது. அது வேறு தலை தேடிப் போனது. யாரையும் நக்கவில்லை, யார் மேலும் பாயவில்லை.

"இது என்ன சாதி?" என்று இவர் கேட்டார்.

"அரிப்புச் சாதி" என்றார் வாடிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஊசிகள் போட்டு, வேலியின் நாலாவது பக்கத்தையும் அடைத்த பிறகுதான் அதைக் கொண்டுவந்தோம். பாண் விற்க வரும் வானைக் கண்டால் மட்டும் குலைக்கும். "கள்ளன் வந்தால் இது வழிகாட்டும்" என்று இவர் இன்றைக்கும் சொல்வார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் முதலில் படலையில் நின்று பார்த்தார்கள், பிறகு பழையபடி வந்தார்கள். நாய் அவர்களைக் கண்டால் எழும்பி வேறு நிழலுக்குப் போய்ப் படுத்துவிடும். எதிர்வீட்டுக்காரி அதைக் கவனித்துவிட்டு, "நல்ல மரியாதை தெரிஞ்ச நாய் அக்கா" என்றாள்.

அடுத்த வருடம் மூத்தவள் ரியூசனுக்குச் சைக்கிளில் தனியே போகத் தொடங்கினாள். நான்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்று எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை. முதல்நாள் நாய் அவளுக்குப் பின்னால் ஓடிப் பெரிய ரோட்டு வரை போனது. நான் படலையில் நின்றேன். சைக்கிள் திரும்பி மறைந்ததும் நாய் ஆறுதலாக நடந்து வந்தது, தண்ணீர் குடித்தது, என் காலடியில் படுத்து உடனே நித்திரையாகிவிட்டது. நான் அதைத் தாண்டி உள்ளே போய் மெசினில் இருந்தேன். சட்டையின் ஒரு கையைத் தைத்தேன். பிறகு எழும்பி வெளியே வந்தேன். ரோட்டில் வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை.