முதலில் பிள்ளையை ஏற்றுங்கள்

கரவெட்டியில் ஒரு பழைய காரை எடுக்கப் போன வெள்ளிக்கிழமை காலை, நான் ஒரு மனிதரின் தலையில் கல்லால் அடித்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு மாணவனுக்குக்கூடப் பிரம்பு தூக்கியதில்லை.

கார் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. எட்டு வயது மகளுக்குத் தொய்வு. மாரி தொடங்கினால் அவளுக்கு மூச்சு இழுக்கும். திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவளை மோட்டார் சைக்கிளில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருத்தி, மழைக்கோட்டால் மூடிக்கொண்டு போவோம். போன மாரியில் பலாலி வீதியில் மணல் ஏற்றிய ரிப்பர் லொறி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. மூவரும் வாய்க்காலுக்குள் விழுந்தோம். கணவரின் முழங்கால் கிழிந்து இரத்தம் ஓடியது. அதை நான் பார்க்கவில்லை. மழைக்கோட்டுக்குள் மகள் மூச்சுக்குத் திணறிய சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி இவளை இரண்டு சில்லில் ஏற்றுவதில்லை என்று அந்தச் சேற்றில் இருந்தபடியே முடிவெடுத்தேன்.

இப்போது பழைய கார் விற்கும் விலை எல்லோருக்கும் தெரியும். எங்களிடம் இருந்த காசுக்கு இரண்டு வகைக் கார்கள்தான் கிடைத்தன: வெள்ளத்தில் நின்றவை, அடிபட்டுத் திருத்தியவை. எட்டுக் கார்கள் பார்த்தோம். ஒரு கொப்பியில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். கால்விரிப்பைத் தூக்கி மணந்து பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற கார் எத்தனை வாசனைத் திரவியம் அடித்தாலும் ஊறல் மணம் மணக்கும். துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுகளில் ஓடவிட்டேன். அடிபட்ட இடத்தைப் பசையால் பூசி மெழுகியிருந்தால் காந்தம் ஒட்டாது. கராஜ்காரர்கள் என்னைக் கண்டால் தங்களுக்குள் சிரிப்பார்கள்.

கரவெட்டிக் கார் ஒன்பதாவது. வெள்ளை நிறம், சின்ன ஜப்பான் கார், வயது பதினெட்டு. அச்சுவேலியிலிருந்து எங்களோடு வந்த மெக்கானிக், காருக்கு அடியில் படுத்து எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ரீச்சர், விடாதேங்கோ. எஞ்சினிலை ஒருத்தரும் கை வைக்கேல்லை."

எஞ்சினை மூடும் பொனற்றில் மட்டும் ஒரு புதுப் பள்ளம் இருந்தது. மெக்கானிக் அதில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இது என்ன அண்ணை?"

"தேங்காய் விழுந்தது" என்றார் விற்பவர். மெலிந்த மனிதர். நாற்பது வயது இருக்கும்.

கார் நின்ற இடத்துக்கு மேலே தென்னை இல்லை. அண்ணாந்து பார்த்தேன், வானம்தான் தெரிந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தைக் காட்டி விலையைக் குறைக்கலாம் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. குறைத்தேன். அவரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அதுவும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

வளவை இரண்டாகப் பிரித்து ஒரு புது மதில் எழும்பியிருந்தது. சீமெந்து இன்னும் வெளுக்கவில்லை. மிஞ்சிய கற்கள் அடியில் குவிந்து கிடந்தன. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வாங்கப் போறியளோ? வாங்குங்கோ, வாங்குங்கோ. எங்கடை மாமாவைச் சுடலைக்குக் கொண்டுபோன அண்டைக்கும் நல்லாத்தான் ஓடினது."

விற்பவரின் மனைவி என் காதுக்குள் சொன்னார்: "இவரின்ரை அண்ணையின்ரை பெண்சாதி. உதுகளைக் காதிலை போடாதேங்கோ."

நான் போடவில்லை. காரின் பதிவுப் புத்தகம் வெளிநாட்டில் இருக்கும் விற்பவரின் அக்காவின் பெயரில் இருந்தது. தகப்பனுக்காக அவர் வாங்கிக் கொடுத்த கார். தகப்பன் செத்த பிறகு விற்கச் சொல்லிக் கையெழுத்து வைத்து அனுப்பியிருந்தார். கடதாசிகள் எல்லாம் சரி. இப்போது கார் பார்க்கப் போனால் பொனற்றைத் திறக்கும் முன் விற்கிறவர்களின் வீட்டு மதிலைப் பார்க்கிறேன். அன்றைக்கு என் கொப்பியில் அந்த வரி இருக்கவில்லை.

"இண்டைக்கே கொண்டு போங்கோ" என்று விற்பவர் இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கெஞ்சினார். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் வாகனம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம் இருந்தது. காந்தத்தோடு கார் பார்க்கிற விஞ்ஞான ஆசிரியை பஞ்சாங்கத்தைப் பார்த்து மூன்று நாள் தள்ளிப்போட்டாள். அந்த மூன்று நாளில், எப்போது எடுக்கிறோம் என்ற செய்தியும் மதிலைத் தாண்டியது.

வெள்ளிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அவள் புதுச் சட்டை போட்டிருந்தாள். கணவர் காசுப் பொதியோடு விற்பவரின் விறாந்தையில் இருந்து கடதாசிகளை வாசித்தார். நான் காரின் முன்னால் கற்பூரம் கொளுத்தினேன்.

"முதலிலை பிள்ளையை ஏத்துங்கோ" என்றார் விற்பவரின் மனைவி. "பொம்பிளைப் பிள்ளை ஏறியிருந்தால் வாகனத்துக்கு நல்லது."

எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். பின்கதவைத் திறந்து மகளை ஏற்றி, கதவைச் சாத்தினேன். பக்கத்துக் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் வெளியிலிருந்து அவளைத் தெரியவில்லை. முன்கண்ணாடியால் பார்த்தால், பின்சீற்றில் நடுவில் இருந்து எனக்குக் கை காட்டுவது தெரிந்தது. தேங்காயை உடைத்தேன்.

அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தவர் போல, திறந்திருந்த கேற்றுக்குள்ளால் விற்பவரின் தமையன், மூத்தவர், வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கையில் அலவாங்கு, நீண்ட கனத்த இரும்புக் கம்பி.

"காரையோடா விக்கிறாய்? அப்பாவை ஏத்தி இறக்கினது ஆரடா? மூத்திரம் துடைச்சது ஆரடா?"

"அக்கா விக்கச் சொன்னவ. உனக்கென்ன?" என்று விறாந்தையிலிருந்து இளையவர் கத்தினார்.

"அக்கா! அக்காவுக்கு என்ன தெரியும், பனிக்குள்ளை இருந்துகொண்டு? அப்பான்ரை பீயின்ரை மணம் தெரியுமோடா அவளுக்கு?"

இளையவர் படியால் பாய்ந்து இறங்கினார். ஓடி வந்தபடியே கையிலிருந்த கார்த் திறப்பைக் காரை நோக்கி நீட்டிப் பொத்தானை அமத்தினார். நான்கு கதவுகளும் டக்கென்று பூட்டிக்கொண்டன. காரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். உள்ளே ஒரு பிள்ளை இருப்பது அவருக்கு அந்த நேரம் நினைவில் இல்லை.

அலவாங்கு முன்விளக்கில் இறங்கியது. பிறகு பொனற்றில். பிறகு முன்கண்ணாடியில். கண்ணாடி ஒரே அடியில் வெள்ளையாகி, இரண்டாம் அடியில் ஓட்டை விழுந்து உள்ளே கொட்டியது. கார் அலறத் தொடங்கியது. எச்சரிக்கை மணியின் அந்த அலறலுக்கு மேலால் "பிள்ளை உள்ளுக்கு! பிள்ளை உள்ளுக்கு!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இளையவர் மதிலடியில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, தமையனின் தோளில் பிடியால் அடித்தார். மூத்தவர் திரும்பி அலவாங்கை வீசினார். அது இளையவரின் மணிக்கட்டில் பட்ட சத்தம், பச்சைத் தடி முறிகிற சத்தம். திறப்பு மணலுக்குள் எங்கோ போய் விழுந்தது. இளையவர் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்து வாந்தி எடுத்தார். அவருடைய மனைவி மூத்தவரின் சட்டையைப் பிடித்துத் தொங்கினார். அவர் உதறியதில் படியில் போய் விழுந்தார். விறாந்தையிலிருந்து ஓடி வந்த என் கணவர் குனிந்து மணலைக் கைகளால் அளைந்து திறப்பைத் தேடினார்.

நான் பின்கதவின் பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தேன். "பூட்டைத் தூக்கு, பிள்ளை! பூட்டைத் தூக்கு!" உடைந்த முன்கண்ணாடியின் ஓட்டையால் அவளைப் பார்த்தேன். சீற்றுக்குக் கீழே ஒடுங்கி, இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தாள். சண்டைக் காலத்தில் குண்டு விழும்போது பங்கருக்குள் நான் அப்படித்தான் இருப்பேன். அவளுக்கு அதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மூத்தவர் காரின் பக்கமாக வந்தார். பின்கதவுக் கண்ணாடிக்கு நேரே நின்று, அலவாங்கை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார்.

மதில் கட்டி மிஞ்சிய கற்களில் ஒரு அரைத் துண்டு என் கைக்குள் எப்போது வந்தது என்று தெரியாது. அதைத் தூக்கியது தெரியும். அவருடைய பின்தலையில் மயிர் கொட்டியிருந்த இடம் தெரியும். அங்கேதான் அடித்தேன். பயமுறுத்துவதற்காக அல்ல, அவர் விழவேண்டும் என்று. அவர் திரும்பி என்னைப் பார்க்காமலே காரில் சரிந்து, கறுப்புக் கண்ணாடியில் இரத்தத்தை இழுத்துக்கொண்டு கீழே போனார். நான் இன்னொருமுறை கல்லைத் தூக்கினேன். கணவர்தான் என் கையைப் பிடித்தார்.

பிறகு அவர் உடைந்த முன்கண்ணாடிக்குள்ளால் கையை விட்டு முன்கதவின் பூட்டைத் தூக்கினார். முழங்கை வரை கிழிந்தது. மகளை வெளியே இழுத்தேன். தலைமயிர் முழுக்கக் கண்ணாடித் தூள். உதடு நீலம். கைப்பையிலிருந்த இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அமத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காம் தரம் அவளுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சோடு அவள் என் கையைப் பார்த்தாள். அதிலிருந்த இரத்தம் என்னுடையதல்ல.

காயப்பட்டவர்களை அயலார் வான் பிடித்து ஏற்றினார்கள். பின்னேரம் ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். மூத்தவர் கட்டிலில் கிடந்தபடி, தம்பிதான் பின்னால் நின்று அடித்தவன் என்று சொல்லியிருந்தார். பொலிஸ்காரர் இளையவரிடம் கேட்டார். நாங்களும் அங்கேதான் நின்றோம். மருந்துக் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்திருந்த இளையவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஓம். நான்தான் போட்டனான்."

"ஒரு கையாலையோ?"

"அவனுக்கு ஒரு கை போதும்."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். நெடுநாளாகச் செய்ய நினைத்த வேலையை யாரோ தன் பெயரில் செய்து கொடுத்த சந்தோஷம். நான் வாயைத் திறந்தேன். கணவர் என் விரல்களை நசுக்கிப் பிடித்தார். மூடிக்கொண்டேன். காசுப் பொதி எங்களிடமே இருந்தது. வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த நாள் காலை மகள் கேட்டாள்: "அந்த மாமா செத்துப்போட்டாரோ?"

"இல்லை, குஞ்சு. ஆஸ்பத்திரியிலை சுகமா இருக்கிறார்."

"பொய் சொல்லுறீங்கள்."

ஒவ்வொரு நாளும் கேட்டாள். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். பாடசாலை வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் ஒரு பாத்திரத்தைத் தூக்கினாலும் தோளைக் குறுக்கினாள். பத்து நாள் பொறுத்தேன். அண்ணன் தம்பி இருவரும் பிணையில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று மெக்கானிக் சொன்னார். "அவரைக் காட்டுறன், வா" என்றேன் மகளிடம். கணவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

மூத்தவர் முற்றத்தில் சின்ன வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தலையின் ஒரு பக்கம் மழித்துத் தையல் போட்டிருந்தது. மகள் என் பின்னால் நின்று, தலையை மட்டும் நீட்டி, தையல்களை எண்ணினாள்.

"கார் வாங்க வந்த ஆக்களெல்லோ?" என்றார் அவர். "வாங்கோ. அவன் உங்களிட்டைக் காசு வாங்கிப்போட்டானோ?"

"இல்லை அண்ணை." அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களை அடிச்சது தம்பியில்லை. நான்தான் அடிச்சனான்."

அவர் சிரித்தார். "ரீச்சர், உப்பிடிச் சொல்லச் சொல்லி அவனோ உங்களை அனுப்பினவன்?"

"இவள் காருக்குள்ளை இருந்தவள், அண்ணை. நீங்கள் பின்கண்ணாடிக்கு ஓங்கேக்கை."

அவருடைய கை வெங்காயத்தில் நின்றது. மகளைப் பார்த்தார். அவள் நெற்றியில் கண்ணாடி கீறிய தழும்பைப் பார்த்தார். அவருடைய மனைவி குசினி வாசலில் வந்து நின்றார்.

"நான் காணேல்லை" என்றார் அவர். "சத்தியமாக் காணேல்லை, பிள்ளை." பிறகு கேட்டார்: "ஏன் இறங்கி ஓடேல்லை?"

"கதவு பூட்டியிருந்தது."

"ஆர் பூட்டினது?"

நான் உண்மையைச் சொல்லப் போன ஆள். அதையும் சொன்னேன்.

அவர் எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது. மதிலைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் தையலுக்குப் பக்கத்தில் நரம்பு புடைத்தது. "எடேய்! பிள்ளையை உள்ளுக்கை வைச்சுக் காரைப் பூட்டினனியோடா? மனுசனோடா நீ?"

அந்தப் பக்கமிருந்து பதில் உடனே வந்தது. "உடைச்சவன் நீ! என்னை என்னடா கேக்கிறாய், நாயே?"

கல்லொன்று மதிலுக்கு மேலால் வந்து வெங்காயக் குவியலில் விழுந்தது. மூத்தவர் அதை எடுத்துத் திருப்பி எறிந்தார். அங்கே ஓடு உடைந்தது. ஒரு பெண் வீரிட்டாள். மூத்தவர் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் ஓடினார். எதை எடுக்க ஓடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"ரீச்சர், பிள்ளையைக் கொண்டு ஓடுங்கோ!" என்று அவர் மனைவி என்னைப் படலைக்கு வெளியே தள்ளினார்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கணவர் மோட்டார் சைக்கிளை முடுக்கி வைத்திருந்தார். ஒழுங்கை திரும்பும் முடக்கு வரை இரும்பு இரும்பில் படுகிற சத்தம் கேட்டது.

பிரதான வீதிக்கு வந்த பிறகு மகள் சொன்னாள்: "அம்மா, அவர் சாகேல்லை."

"இல்லை."

"நல்லாக் கத்துறார்."

"ஓம்."

பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டாள்: "அவர் திரும்பக் கம்பியைத் தூக்கினால் நீங்கள் திரும்ப அடிப்பீங்களோ?"

பிள்ளைகளுக்கு இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் நூறு தரம் சொல்லியிருக்கிறேன். கணவர் பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அடிப்பன்" என்றேன்.

அவள் "ம்" என்றாள். தோளைக் குறுக்காமல் என் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். கணவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து வீதியைப் பார்த்து ஓட்டினார்.