விளக்கு மேசையில் ஸ்மாராந்தா

திமிஷோரா நகரில் எங்கள் பொம்மை நாடக அரங்குக்கு விளக்கு போடுகிறவள் ஸ்மாராந்தா. நான் நரி, கழுதை, சில சமயம் ராஜா என்று பொம்மைகளை ஆட்டுகிறவள்.

விளக்குகளை இயக்கும் கம்ப்யூட்டர் நடுக் காட்சியில் உறைந்துபோவது எங்களுக்குப் பழகிவிட்டது. அவளுக்கு மட்டும் பழகவில்லை. ஏதோ ஒரு ப்ரோகிராம் தன் இடத்தை விட்டு அடுத்ததன் நினைவகத்தில் எழுதித் தொலைக்கிறது என்பாள். வேலை போக மீதி நேரத்தில், வெவ்வேறு ஊர்க்காரர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே அடியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். சம்பளம் கிடையாது. அதை எழுத அவர்கள் பயன்படுத்திய ரஸ்ட் என்ற கம்ப்யூட்டர் மொழி, அப்படிப்பட்ட அத்துமீறலை ப்ரோகிராம் ஓடுவதற்கு முன்பே பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுமாம்.

"இங்க போட்டுப் பாக்கலாம் சார்," என்று டைரக்டர் கொர்னேலியுவிடம் கேட்டாள்.

"வேற யாரு இதை வச்சிருக்காங்க?"

"யாரும் இல்ல."

"பரிசோதனைக்கு என் அரங்குதான் கிடைச்சுதா?" என்றவர், பழையது இன்னொரு முறை உறைந்ததும் சம்மதித்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் மாற்றினாள். எங்கள் பிரிண்டரோடு பேசுகிற ப்ரோகிராமை அந்தக் குழுவில் யாரும் இன்னும் எழுதியிருக்கவில்லை. கொர்னேலியு காட்சிக் குறிப்புகளைக் கையால் எழுதிக்கொண்டே திட்டினார். ஆனால் குளிர்காலம் முழுக்க ஒரு விளக்குகூடத் தடுமாறவில்லை. ஒரு நாள் அவளுடைய கம்ப்யூட்டர் திரையில் படம் வரைகிற ப்ரோகிராம் மட்டும் செத்துவிழுந்தது. திரை இருண்டது, மேடை வெளிச்சம் அப்படியே நின்றது. அவள் மூச்சு விடுவதற்குள் அந்த ப்ரோகிராம் தானே எழுந்துகொண்டது. அன்றைக்கு எல்லோருக்கும் சூடாக கோவ்ரிக் ரொட்டி வாங்கிக் கொடுத்தாள்.

வசந்தத்தில் ஒரு ஞாயிறு காலைக் காட்சி. அரங்கு நிறையக் குழந்தைகள். திடீரென்று எல்லா விளக்குகளும் சிவப்பாகச் சீறின, பிறகு மொத்தமும் இருட்டு. முதலில் கைதட்டிய குழந்தைகள் அடுத்து அழ ஆரம்பித்தார்கள். கதவுகளைத் திறந்து எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்துப்போய், வெயிலில் நின்றே மீதி நாடகத்தை நரியோடு முடித்தேன். திரும்பி வந்தபோது ஸ்மாராந்தா மேசைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

காரணத்தைப் பல வாரங்கள் தேடினாள். கிடைத்ததும் முதலில் என்னிடம்தான் வந்தாள்.

"நான் எழுதின பகுதிதாண்டி. வெளியிலேருந்து வர்ற தகவலை வாங்குற நெட்வொர்க் கார்டோட பேசுற இடம்."

"மொழிதான் எல்லாத்தையும் பிடிச்சிடும்னியே?"

"கார்டுக்கு ரஸ்ட் தெரியாதே! நினைவகத்துல இந்த இடத்துல எழுதிக்கோன்னு நாம ஒரு விலாசம் குடுக்கணும். அங்க மட்டும் மொழிகிட்ட, 'சோதிக்காத, நான் பாத்துக்கறேன்'னு சொல்லித்தான் எழுத முடியும். நான் சரியா பாத்துக்கல. கார்டு எழுதி முடிக்கறதுக்கு முன்னாடியே அந்த இடத்தைத் திரும்ப வாங்கி விளக்குக்குக் குடுத்துட்டேன். கார்டு பழைய நெனப்புலயே அது மேல எழுதிடுச்சு."

கொர்னேலியுவிடமும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்போ இதுவும் பழசு மாதிரிதானா?"

"இல்ல சார். பழசுல தப்பு எங்க வேணா ஒளிஞ்சிருக்கலாம். இதுல சந்தேகப்பட வேண்டிய இடம் கொஞ்சம்தான்."

"அந்தக் கொஞ்சத்துலதானே என் விளக்கு அணைஞ்சுது, ஸ்மாராந்தா?"

பழைய சிஸ்டம் மேடைக்குத் திரும்பியது. அவள் தன்னுடையதை ஒத்திகை அறைக்கு மாற்றிக்கொள்ள அவர் அனுமதித்தார். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தேன், போடவில்லை.

"வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. குழந்தைங்க அழுததுதான் காதுலயே நிக்குது. ஆனா அவர் சொன்னதும் நியாயம்தான்."

தவறைத் தன் பெயரோடு குழுவுக்கு எழுதிப் போட்டாள். இனி 'நான் பாத்துக்கறேன்' என்கிற வரிகள் எதையும் ஒருவர் தனியாகச் சேர்க்கக் கூடாது, இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்ட பிறகுதான் சேர்க்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கார்டு தனக்குக் கொடுத்த இடத்தைத் தாண்டி எழுதாமல் தடுக்கிற சில்லு புதிய இயந்திரங்களில் உண்டாம். எங்களுடையதில் இல்லை. புதியது வாங்குவதை அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறார் கொர்னேலியு.

இப்போது சனிக்கிழமைகளில் தார்து என்ற ஊரிலிருந்து அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருத்தி திரையில் வருகிறாள். நான் கழுதைக்குக் காது தைத்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு பேரும் ஒரே ஒரு 'நான் பாத்துக்கறேன்' வரிக்காக மணிக்கணக்கில் சண்டை போடுவது பக்கத்து அறையிலிருந்து கேட்கும்.