யார் எடுத்த சிங்கம்?

சிங்கத்தின் கழுத்தை அறுப்பதற்கு முன்னால், அது யார் எடுத்த சிங்கம் என்று கனகா பார்த்துவிடுவாள். மௌஸைப் பிடித்த கை அப்படியே நிற்கும். படத்துக்குக் கீழே எறும்பாக ஊரும் எழுத்தை, மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்து படிப்பாள். "எடுத்தவர் பேர் போட்டா வெட்டிக்கலாமாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் பிடரியில் கத்தி விழும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிளெக்ஸ் கடையில் பேனர் வடிவமைப்பவள் அவள். காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, நாலைந்து படங்களை வெட்டி ஒட்டினால்தான் பேனர். மற்றவர்கள் இணையத்தில் கிடைத்ததை அள்ளிப் போடுவார்கள். கனகா ஒவ்வொரு படத்தையும் தனி அடுக்காக வைத்து, எடுத்தவர் போட்ட நிபந்தனையையே அடுக்குக்குப் பெயராகச் சூட்டுவாள். 'அருவி: வியாபாரத்துக்கு ஆகாது.' 'மயில்: தோகையைத் தொடாதே.' 'மேகம்: சேர்த்தால் பேனரையும் ஊருக்கு விடணும்.'

ஒரு மேகத்துக்கு அனுமதி கேட்டு அயர்லாந்துக்காரர் ஒருவருக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தாளாம். பதில் வந்தபோது, சடங்குக்குப் பேனர் கேட்ட பெண்ணுக்கு வளைகாப்பே நடந்துகொண்டிருந்ததாம். இவளுக்கு மாப்பிள்ளை பார்த்த சமயத்தில் போட்டோவைக் காட்டி, "பிடிச்சிருக்கா?" என்றால், "இத யாரு எடுத்தது?" என்றாளாம். எடுத்தவர் பெயர் தெரிந்த பிறகுதான் தலையாட்டினாளாம்.

போன வாரம் ரெட்டியார்சத்திரத்துப் பூ விவசாயி பாண்டியராஜ், மகள் காதுகுத்துக்குப் பேனர் அடிக்க வந்தார்.

"பிள்ள சிங்கத்து மேல ஒக்காந்திருக்கணும் தாயி. பின்னாடி அருவி, மேல மேகம், பக்கத்துல மயிலு."

"அருவியும் மேகமும் ஒரே பந்தியில ஒக்காராதுண்ணே. அருவிய வச்சு யாரும் காசு பாக்கக் கூடாது. மேகத்தச் சேத்தா, ஒங்க பேனர யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு எழுதணும்."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? விசேசம் முடியுமுன்ன அவுத்துட்டுப் போயி ஆட்டுக் கொட்டாய்க்குக் கூர போட்டுர்றாய்ங்க!"

கழித்துக் கழித்துக் கடைசியில் சிங்கமும் பிள்ளையும்தான் மிஞ்சின. கீழே சொந்தக்காரர்களின் பெயர் வரிசை. தாய்மாமன் பெயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. சிங்கத்தைப் படமெடுத்த லார்ஸ் எக்மானை அங்கே உட்கார வைத்தாள். மாதிரிப் படம் வாட்ஸப்பில் குடும்பக் குழுவுக்குப் போனது.

மறுநாள் காலையில், தாய்மாமன் பொன்னுத்துரை கடைக்குள் நுழைந்தார். பின்னாலேயே பாண்டியராஜ் ஓடி வந்தார்.

"யாரும்மா அந்த லார்ஸு? எந்த வழியில சொந்தம்?"

"சிங்கத்தப் படமெடுத்தவருண்ணே."

"அம்புட்டுச் சீரும் நான் கொண்டு வாரேன், அவன் எனக்குச் சமமா நிக்கிறானா? அப்ப அவன் மடியிலயே பிள்ளைய ஒக்கார வச்சுக் குத்திக்கங்க. நான் வரல."

பாண்டியராஜின் முகம் வெளுத்தது. விசேஷம் நாளைக்கு. மாமன் மடியில்லாமல் காது குத்தினால், வீட்டுக்காரி ஆயுசுக்கும் அவர் முகத்தில் விழிக்க மாட்டாள்.

"அந்தப் பேர மட்டும் எடுத்துரு தாயி."

"பேர எடுத்தா சிங்கமும் போயிரும். பாருங்க."

சிங்கம் மறைந்தது. அந்தரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையை மூவரும் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கனகா பொன்னுத்துரையை மேலும் கீழும் அளந்தாள்.

"மாமன் மடி இருக்கையில சிங்கம் எதுக்கு? சேர்ல ஒக்காந்த மாதிரி ஒங்க படம் இருக்காண்ணே?"

இல்லாமலா இருக்கும்? போனை நீட்டினார். சிங்கம் இருந்த இடத்தில் பொன்னுத்துரை வந்தார். "இந்தத் தொப்பைய மட்டும் லேசா..." என்று விரலால் ஜாடை காட்டினார். கனகா அதையும் வெட்டினாள். பாண்டியராஜ் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"இந்தப் படத்த யாரு எடுத்தது?" என்றாள் கனகா.

"எம் பொஞ்சாதி சொர்ணலட்சுமி."

"அவுகளக் கேக்கணும்."

"எம் மூஞ்சியப் போட நான் அவளக் கேக்கணுமா?"

தாலி கட்டிய நாள் முதல் எதற்கும் அவர் அந்தம்மாளிடம் அனுமதி கேட்டதில்லை. கனகாவோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாண்டியராஜ் கும்பிடாத குறையாகப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பொன்னுத்துரை போனைப் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

மறுமுனையிலிருந்து கடை முழுக்கக் கேட்டது சொர்ணலட்சுமியின் குரல்.

"தாராளமாப் போட்டுக்கங்க. பிள்ளைய மடியிலயும் வச்சுக்கங்க. ஆனா நான் எடுத்த ஆளு, உள்ளது உள்ளபடி இருக்கணும். எதையும் கொறைக்கப்படாது."

கனகா இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினாள். வெட்டிய தொப்பை முழுசாகத் திரும்பி வந்தது.

திரைக்கு முன்னால் நின்ற பொன்னுத்துரை, மெல்லத் தம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.