தகனினிக்கு ரோந்து வைத்த கதை

காவலுக்குக் கம்பெனி தேடுவது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிட மோசம். மாப்பிள்ளையாவது ஒரு வீட்டைத்தான் ஏமாற்ற முடியும்.

ஆக்லாந்தில் குடியிருப்புகளை நிர்வாகம் செய்யும் ஓர் ஆபீஸில் வேலை செய்கிறேன். சங்கம், கமிட்டி என்று எதிலாவது மாட்டிக்கொண்டு முழிக்கும் சகபாவிகளே, உங்களுக்கு என் பாடு புரியும். தகனினியில் புதிதாக எழும்பிய ஒரு குடியிருப்பில் அடுத்தடுத்து கார்கள் திருடு போயின. எல்லாத் தெருவிலும் போலீஸ் நிற்க முடியுமா? தனியார் ரோந்து வைத்துக்கொள்ளலாம் என்று குடியிருப்பவர்கள் முடிவெடுத்தார்கள். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நற்சான்று

முதலில் வந்த கம்பெனிக்காரர், தன் வாடிக்கையாளர் ஒருவரின் போன் நம்பரைக் கொடுத்து, "விசாரித்துக்கொள்ளுங்கள்" என்றார். விசாரித்தேன். அந்த மனிதர் புகழ்ந்த புகழ்ச்சியில் எனக்கே கூச்சமாகிவிட்டது. "மழை நாளில்கூட ரோந்து வருவார்களா?" என்று கேட்டேன். "மழையாவது, புயலாவது! நாங்கள் ஒரு நாளும் தவறியதில்லை" என்றார். "நாங்களா?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

பக்கத்து மேசையில் இருக்கும் சிவனேசன் அண்ணையிடம் புலம்பினேன். யாழ்ப்பாணத்துக்காரர். நகரின் மேற்கே ரானுயியிலிருந்து வேலைக்கு வருகிறவர். நிதானமாகத் தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஆள் பொய் சொல்லேல்லையே தங்கச்சி, தன்னைப் பற்றித்தானே கதைச்சிருக்கிறார்."

நம்ம ஆள்

மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று பளபளவென்று விளம்பரம் செய்யும் பெரிய கம்பெனி. மற்றது ஒரு தமிழர் நடத்தும் சின்னக் கம்பெனி. குடியிருப்பவர்களின் கூட்டத்தில் இரண்டு பெயரையும் சொன்னதுமே எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. "அவர் உங்களுக்குச் சொந்தமா?" என்றார் ஒருவர். "ஒரே ஊரா?" என்றார் இன்னொருவர். அந்த மனிதரை நான் அதுவரை நேரில் பார்த்ததுகூட இல்லை. சொன்னேன், யாரும் நம்பவில்லை.

அங்கே குடியிருக்கும், ஐடியில் வேலை பார்க்கும் முருகேசன் மதுரைக்காரர். அவராவது எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். எழுந்து நின்று சொன்னார்: "நம்ம ஆளுங்கறதாலதாங்க எனக்குச் சந்தேகமே."

ஒளிந்திருந்து பார்த்தது

சண்டை வேண்டாம் என்று இரண்டு கம்பெனிக்கும் ஆளுக்கொரு வாரம் வெள்ளோட்டம் கொடுத்தோம். சின்னக் கம்பெனியின் முறை வந்தபோது, உண்மையிலேயே சுற்றுகிறார்களா என்று பார்க்க, ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் போய்த் தெருமுனையில் காரை நிறுத்தி உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைத் தட்டும் சத்தம். சீருடையில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். "யாரு நீங்க? ரொம்ப நேரமா இங்கேயே இருக்கீங்க, போன் மேல போன் வருது" என்றார். உங்களைச் சோதிக்கத்தான் வந்தேன் என்றேன். "எல்லாரும் இப்படித்தான் ஏதாச்சும் சொல்வாங்க" என்றார். ஆபீஸ் அட்டையைத் தேடினால், அது ஆபீஸிலேயே இருந்தது. அவமானத்தில் காது சூடாகிவிட்டது. சிவனேசன் அண்ணைக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன்.

ஸ்பீக்கரில் அண்ணையின் குரல் தெளிவாகக் கேட்டது: "ஓம் பிள்ளை, அவவை எனக்குத் தெரியும்; ஆனா வேலை நேரத்தில அங்க ஏன் ஒளிஞ்சிருக்கிறா எண்டு எனக்குத் தெரியாது."

கவிதாவின் கேள்வி

அந்தக் குடியிருப்பில் கவிதா என்று ஒரு நர்ஸ் இருந்தாள். கைக்குழந்தையோடு தனியாக இருப்பவள். அடித்துத் துன்புறுத்திய கணவனுக்குப் பயந்து, ஆக்லாந்தின் இன்னொரு பேட்டையான எப்சமிலிருந்து வீடு மாறி வந்திருந்தாள். வீடு எப்போது பூட்டியிருக்கும் என்று ரோந்துக்காரர்களுக்குத் தெரிவதற்காக எல்லோரையும் போல அவளும் தன் வேலை நேரத்தை இரண்டு கம்பெனிக்கும் கொடுத்திருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் போன் பண்ணிக் கேட்டா இவங்க என்ன சொல்வாங்க அக்கா?" என்றாள்.

அவளிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, சிவனேசன் அண்ணையை அவளுடைய அண்ணன் போலப் பேசி அவளைப் பற்றி விசாரிக்கச் சொன்னேன். சின்னக் கம்பெனியில் முதலாளியே எடுத்தார். அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார். பெரிய கம்பெனியில் எடுத்த பெண் இனிமையாகப் பேசினாள். இந்த வாரம் கவிதாவுக்கு இரவு வேலை, காலையில்தான் வருவார் என்றவள், வீட்டு நம்பரையும் சொல்லட்டுமா என்று கேட்டாள். "வேண்டாம் பிள்ளை" என்று அண்ணை சட்டென்று போனை வைத்தார்.

கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். கவிதாவின் பேரை மட்டும் சொல்லவில்லை. முருகேசன்தான் முதலில் கை தூக்கினார். சின்னக் கம்பெனியே தேர்வானது. கவிதாவின் விவரங்களை அழிக்கும்படி பெரிய கம்பெனிக்கு எழுதினோம். அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டியபோது கவிதா குழந்தையை இறுக்கிக்கொண்டு கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடியே வேற யாராவது போன் பண்ணியிருந்தா அக்கா?"

அடுத்த வாரமே அவளுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்தோம். எந்தப் பேட்டை என்று கேட்காதீர்கள், உங்களை மட்டும் நான் எப்படி நம்புவது?