சுவாமி பெயரில் போட்ட பூஜை

என் கணவர் கார் விற்கிறவர். புதுக் கார் அல்ல. சென்னையில் பணக்காரர்கள் ஓட்டிச் சலித்த வெளிநாட்டுக் கார்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி அடுத்த பணக்காரர்களுக்கு விற்கிற ஒரு கடையில் வேலை. காலையில் திருத்தணியில் மின்சார ரயில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார். எனக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பும் பாவா, கல்யாணத்துக்குப் பின்பும் பாவா. வாயாலேயே வடை சுடுகிறவர் என்று சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன், அந்த வடையை ருசித்துத் தின்றவளும் நான்தான்.

கடையில் எத்தனையோ கம்பெனி வண்டிகள் நிற்கும். அவருக்கு உயிர் ஒன்றே ஒன்றுதான். ஜெர்மன்காரர்களுடையது, வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம் வைத்தது. பெயரை எழுதப்போவதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பெயரே கசந்துவிட்டது.

ஒரு காலத்தில் கசக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் காய் நறுக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் கதையைச் சொல்வார். அதிகத் தூரமில்லாத இரண்டு ஊர்களில் இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே, குதிரை இல்லாமல் ஓடும் வண்டிக்கு இன்ஜின் செய்துகொண்டிருந்தார்களாம். பிறகு அவர்களுடைய கம்பெனிகள் வருஷக்கணக்கில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்று, நாட்டில் கஷ்டகாலம் வந்ததும் ஒன்றாகிவிட்டனவாம். நட்சத்திரத்தின் முனைகள் நிலம், நீர், ஆகாயம். வண்டியின் பெயர் ஒரு வியாபாரி தன் மகளுக்கு வைத்த பெயர். இதையெல்லாம் நம் சொந்தக்காரர்கள் வீட்டு நல்லது கெட்டதைப் போலச் சொல்வார்.

எனக்குப் பிடித்தது அந்த இரண்டு பேரில் ஒருவருடைய மனைவியின் கதை. விடியற்காலையில், தூங்குகிற புருஷனை எழுப்பாமல், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அவர் செய்து வைத்திருந்த வண்டியை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாளாம்.

"கோவிச்சுகினு போனாளா?" என்று முதல்தடவை கேட்டேன்.

"இல்லம்மா. அந்த ஆளு வண்டிய செஞ்சி வெச்சிட்டு, வெளிய எடுக்க யோசிச்சிகினு இருந்தான். ஓடும்னு ஊருக்குக் காட்டப் போனா."

வழியில் எண்ணெய் தீர்ந்ததும் ஒரு மருந்துக்கடையில் துணிக்கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினாள். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தினாள். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்பு தைக்கிறவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னாள். உலகத்தில் முதன்முதலில் தூரம் போன கார் அதுதான், ஓட்டினது ஒரு பெண் என்று முடிப்பார். கடைக்குத் தம்பதியாக வருகிறவர்களில் கணவன் விலை பேசிக்கொண்டிருக்கும்போது மனைவியிடம் இந்தக் கதையைத்தான் சொல்வாராம். பாதி வண்டிகள் இதில்தான் விற்றுப் போயிருக்கின்றன. ஆனால் என்னிடம் விற்க அவருக்கு ஒன்றும் இல்லையே. அதனால் எனக்குச் சொன்னது எனக்காகச் சொன்னது என்று நம்பினேன்.

நானும் வண்டி ஓட்டுகிறவள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வாரத்தில் சில நாள் அதன் வேனை எடுத்துக்கொண்டு கனகம்மாசத்திரம், அம்மையார்குப்பம் என்று போய் ரத்தம் எடுத்து வருவேன். தெருவில் எனக்கு 'ரத்த வண்டிக்காரி' என்று பெயர். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மலைமேல் முருகன் கோயிலில் புதிதாக வாங்கின வண்டிக்குப் பூஜை போடும்போது பாருங்கள், ஸ்டியரிங் பிடிப்பது வீட்டு ஆண்கள்தான். பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் இருப்பது பெண்கள்.

அதைத்தான் பாவா பிடித்துக்கொண்டார். "நாமளும் ஒண்ணு வாங்குவோம். பழசுதான், ஆனா அந்த நட்சத்திரம் இருக்கும். மலைக்கு நீதான் ஓட்டிகினு போற. அந்த ஜெர்மன்காரி மாரி." ஒருதடவை இல்லை, வருஷக்கணக்காகச் சொன்னார். அவர் சொன்ன எத்தனையோ விஷயங்கள் நடக்கவில்லை. மாடி எடுக்கவில்லை, கடை வைக்கவில்லை. நான் ஒன்றும் கேட்டதில்லை. இது ஒன்று மட்டும் நடந்துவிட்டால் மற்றதெல்லாம் போனால் போகிறது என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். வண்டியைவிட அவர் வார்த்தை ஒன்று உண்மையாவதைத்தான் ஆசைப்பட்டேன்.

ஒரு தை மாதத்து வெள்ளிக்கிழமை அவர் ரயிலில் வரவில்லை. தெருமுனையில் சாம்பல் நிறத்தில் நீளமாக ஒன்று நின்றது. தெருக்காரர்கள் எனக்கு முன்பே வெளியே வந்துவிட்டார்கள். பாவா இறங்கி, முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறு," என்றார்.

"நெசமாவா பாவா?"

"ஏறுன்றேன்ல."

அந்தக் கதவைச் சாத்தும் சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் வேன் கதவை இரண்டு தடவை அறைந்தால்தான் மூடும். இது நெல் நிறைந்த குதிரின் மூடியைப் போலக் கனமாக, மெதுவாக மூடிக்கொண்டது. மூடினதும் தெருச்சத்தம் நின்றுவிட்டது. பழைய வண்டிதான், இருக்கைத் தோலில் சுருக்கம் விழுந்திருந்தது. ஆனாலும் உட்கார்ந்தவுடன் முதுகு தானாக நிமிர்ந்தது. செய்தவன் அவசரப்படாமல் செய்திருக்கிறான் என்று ஒவ்வொரு பித்தானிலும் தெரிந்தது. எதற்காக மனிதர்கள் இதற்கு இத்தனை ஆசைப்படுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

என்னைப் பெற்ற நைனாவையும் ஏற்றிக்கொண்டோம். வாழ்நாள் முழுக்க மணவூர் ஸ்டேஷன் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். காலைத் துடைத்துவிட்டு ஏறினார். மலைப்பாதை வளைவுகளில் நான் ஓட்டினேன். வேனில் அந்த ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்ற வேண்டும். இது ஏறுகிறதா என்று கேட்கும்படி ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்து பாவா செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார். என் வாழ்க்கையிலேயே நான் அவரை அதிகம் நேசித்த கால் மணி நேரம் அதுதான் என்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

மேலே மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். குருக்கள் வழக்கம்போல, "யார் பேருக்கு? நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். நான் வாயைத் திறந்தேன். பாவா முந்திக்கொண்டார்.

"சுவாமி பேருக்கே பண்ணிடுங்க சாமி."

பக்தி உள்ளவர்கள் அப்படிக் கேட்பதுதான். என் வீட்டுக்காரருக்கு இவ்வளவு பெரிய மனசா என்று எனக்குக் கண் கலங்கியது. நைனா பூசணிக்காய் உடைத்தார். நான்தான் எலுமிச்சம்பழங்கள்மேல் வண்டியை ஏற்றினேன்.

திங்கட்கிழமை காலையில், பெயர் மாற்ற வேண்டும், சஸ்பென்ஷனில் ஏதோ சத்தம் என்று வண்டியைச் சென்னைக்கு எடுத்துப் போனார். வாரங்கள் ஓடின. கேட்டால், "ஆங், பாப்போம்" என்பார். இதற்குள் நான் ஊருக்கே சொல்லியிருந்தேன். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் பாவம், எங்கே போவார்கள்? கையில் ரப்பரைக் கட்டிவிட்டுக் கார்க் கதையை ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய செல்போன் அடித்தது. எடுத்தேன். மெட்ராஸ் பக்கத்து அம்மா, நல்ல மரியாதையான குரல்.

"சார் இல்லீங்களா? சொல்லிடுங்க, வண்டி நல்லா ஓடுதுன்னு. எங்க வீட்டுக்காரருக்குக் கால்ல ஆபரேஷன், மலைக்கு வர முடியாது. சாரே டெலிவரிக்கு முன்னாடி திருத்தணியில பூஜை போட்டு வீடியோ அனுப்பினாரு. ரொம்பத் திருப்தி. ஓட்டிட்டுப் போனாங்களே அந்த டிரைவர் அம்மா, என்ன நிதானம்! அவங்களுக்கு ஏதாவது குடுக்கணும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டே இருக்காரு."

"சொல்லிட்றேங்க," என்றேன்.

துண்டோடு வந்தவரிடம் செல்போனை நீட்டினேன். யார் எண் என்று பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. திட்டுவேன் என்று காத்திருந்தார். நான் கேட்டது ஒன்றுதான்: "ஏன் பாவா?"

"உன் ஆசைய தீத்து வெக்கணும்னுதாம்மா. என் சம்பளத்துல அத எப்ப வாங்கறது? வண்டி சும்மா நின்னுகினு இருந்துது, அவங்களுக்கும் பூஜ வேணும்னாங்க. நீ சந்தோசப்பட்டியா இல்லையா?"

"எங்கிட்ட சொல்லிட்டு ஓட்டச் சொல்லியிருக்கலாமே."

"நம்மளுதுன்னு நான் எப்ப சொன்னேன்? ஒருவாட்டியாவது சொன்னேனா, யோசிச்சிப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். சொல்லவே இல்லை. ஏறு என்றுதான் சொன்னார். அத்தனை ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார். என் பெயருக்குப் பூஜை செய்தால் அடுத்தவர் வண்டியாயிற்றே என்று உறுத்தியிருக்கும். அந்த அம்மாவின் பெயரைச் சொன்னால் யாரென்று நான் கேட்பேன். நடுவில் முருகனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். சுவாமியிடம் பொய் சொல்லப் பயந்த மனுஷனுக்கு என்னிடம் சொல்லப் பயமில்லை. அதுதான் இன்றுவரைக்கும் ஆறவில்லை. கட்டினவன் வாய் தவறி ஒரு பொய் சொன்னால் மன்னித்துவிடலாம். இவர் எது பொய், எது பொய்யில்லை என்று பிரித்து வைத்துக்கொண்டு, விளிம்பிலேயே நடந்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனியின் கதையை நானாகத் தேடிப் படித்தேன். அவர் சொன்னதெல்லாம் உண்மைதான். சொல்லாமல் விட்டதும் இருந்தது. புருஷனின் பட்டறையைத் தூக்கி நிறுத்தியதே அந்தப் பெண் கொண்டுவந்த சீதனம். ஆனால் கண்டுபிடிப்புக்கான உரிமைப் பத்திரம் அவன் பெயரில் மட்டும். பெயரைக் கொடுத்த வியாபாரியின் மகளுக்குக் கார்மேல் பெரிய ஆசையே இல்லையாம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அந்தத் தொழிற்சாலைகளில் கைதிகளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கியிருக்கிறார்கள். கம்பெனியே இப்போது இதை ஒத்துக்கொள்கிறது, பாவா மட்டும் இதில் ஒன்றைக்கூட வாயெடுத்துச் சொன்னதில்லை. நான் கேட்டபோது, "அத சொன்னா வண்டி போவுமா?" என்றார். இத்தனை வருஷம் காய் நறுக்கிக்கொண்டு நான் கேட்டது கடையில் சொல்லும் அதே கதைதான் என்று அப்போது தெரிந்தது.

பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்கள் வண்டி என்னாச்சும்மா என்று கேட்டார்கள். கொஞ்ச நாள் ரிப்பேரில் இருக்கிறது என்றேன். அவருடைய பொய்யை நான் எதற்குச் சுமக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து அது எங்களுடையது இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். சிலர் சிரித்தார்கள், சிலர் பேச்சை மாற்றினார்கள். நைனாவிடம் சொன்னபோது மட்டும் நாக்கு குழறியது. அவர் அன்றைக்கு ஏறும்போது காலைத் துடைத்தது ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டில் சோறு போடுவேன், பேசமாட்டேன். பாவா பழையபடி ரயில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு மாலை, சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். திருப்பதிப் பக்கம் துணி மொத்த வியாபாரி, தெலுங்கு வாடையடிக்கிற தமிழ். கடையில் அதே நட்சத்திரம் வைத்த ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறாராம். மலையில் தரிசனம் முடித்து இறங்கியவரைக் காபிக்கு என்று கூட்டி வந்திருந்தார். நான் காபி கொண்டுவந்தபோது பாவா அந்த ஜெர்மன் மனைவியின் கதையைப் பாதி முடித்திருந்தார். மீதிப் பாதியில் கதைக்குள் நான் வந்தேன்.

"எங்க வூட்லயே பாருங்க, இவங்கதான் மலைமேல ஓட்டிகினு போனாங்க. இந்தாங்க, வீடியோ."

வீடியோவில் என் முகம். பார்க்கப் பிடிக்காத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. வியாபாரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எட்லா இருந்துதும்மா வண்டி?"

"ரொம்ப நல்லா இருந்துதுங்க," என்றேன். அதில் பொய் இல்லை.

"இப்போ வண்டி எக்கட? வெளிய காணோமே?"

பாவா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. நான் எதற்காகவும் காத்திருக்கவில்லை.

"அது எங்களுது இல்லீங்க. வேற ஒருத்தர் வாங்கின வண்டி. எனக்கு அப்ப தெரியாது. எங்களுதுன்னு நெனச்சிகினுதான் ஓட்டினேன்."

வியாபாரி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உங்க வூட்ல பொய் சொல்லத் தெரியல சார். பெண்ஜாதியே இப்டி புட்டுப் புட்டு வெக்கிறாங்கன்னா, வண்டியில கோளாறு இருந்தா அதையும் சொல்லியிருப்பாங்க. நல்லா இருந்துதுன்னாங்க இல்ல? சரி, நான் எடுத்துக்கறேன்."

அங்கேயே கை கொடுத்தார். பாவா அவரைத் தெருமுனைவரை வழியனுப்பிவிட்டு வந்து, சமையலறை வாசலில் நின்றார். நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். திட்டப் போகிறார், அல்லது மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் முகத்தில் கேலியோ கோபமோ இல்லை, மனசாரச் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார்.

"மூணு மாசமா நான் சொல்லி நம்பாதவரு, நீ நெசத்த சொன்னதும் வுழுந்துட்டாரு. அடுத்த ஆளு வந்தாலும் இதே மாரி சொல்லிடும்மா."