பேப்பரில் போட்டால் பொய்யாகுமா?

எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் பேப்பர் என்றால் தெய்வ வாக்கு. காரணம் இல்லாமல் இல்லை. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், எங்களுக்குப் போட்ட புழுத்த அரிசியைப் பற்றி யாரோ தமிழ்ப் பேப்பருக்கு எழுதிப்போட்டார்கள். அடுத்த வாரமே நல்ல அரிசி வந்தது. கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தையே நடுங்கவைத்த கங்காணி, பேப்பரைக் கண்டால் நடுங்கினார். எங்களுக்கு அதில் என்ன ஆனந்தம்!

லயத்துப் பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பால் நிறுக்க வரிசையில் நிற்கும்போது சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஜப்பான்காரன் காலத்திலும் அதே பேப்பர் வந்தது. அவன் சொன்னதைத்தான் அச்சடிக்கிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பால்வெட்டு நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு காய்ந்து கிடந்தோம். அப்போதுதான் சயாம் தேசத்தில் ரயில் பாதை போட ஆள் கேட்டுச் செய்தி வந்தது. மூன்றே மாதம், வயிறாரச் சோறு, மருந்து, தங்க இடம். குரலை உயர்த்தி வாசித்தேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் தயங்கினார். "நெசமாவா புள்ள?"

"பேப்பர்லயே போட்டிருக்கான்லா! பொய்யா போடுவான்?" என்று எரிந்து விழுந்தேன்.

மறுவாரம் லயத்து ஆண்களோடு கெமாஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்.

அதற்குப் பிறகு கடிதம் ஒன்றுகூட வரவில்லை. பேப்பர் மட்டும் வந்தது. சயாமில் நம் ஆட்கள் சுகமாக இருக்கிறார்களாம், மாலையில் பாட்டுக் கச்சேரியாம். வாசிக்க வாசிக்கப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் பாடுவதை நினைத்து நானும் சிரித்தேன். அவருக்குப் பாடவே வராது.

ஜப்பான்காரன் போனபின் பேப்பரில் உள்ளது உள்ளபடி வந்தது. காலரா, பட்டினி, அடி, காட்டிலேயே புதைத்த பிணங்கள். "வாசி தங்கச்சி" என்று பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு வரி விடாமல் வாசித்தேன். அழுதார்களே தவிர, என்னை ஒருத்தியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்க வேண்டியவர் வரவேயில்லை. இத்தனை வருடம் கழித்தும் அவருக்காக மனம் கிடந்து ஏங்குகிறது. ஒருநாள் வாசலில் வந்து நின்று, "என்னத்த புள்ள வாசிச்ச?" என்று அவர் வாய் நிறையத் திட்டினால் போதும் எனக்கு.