வேடத்துக்குள் இருந்த அன்ரன்

இன்று பருத்தித்துறை பஸ்ஸில் அன்ரனின் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன மாதம் விபத்தில் இறந்தானே, அந்த அன்ரன்.

விசித்திர மிருகங்களைப் பிடிக்கும் அந்த வீடியோ கேமை வைத்து மயிலிட்டிக் கடற்கரையில் நாங்கள் குறும்படம் எடுத்தபோது, அட்டைப்பெட்டி மட்டையில் செய்த வேடத்துக்குள் நின்று மிருகமாக நடித்தவன்.

"தம்பி, உங்கடை படத்தை அம்மா ஒவ்வொரு நாளும் பாக்கிறா. அவன்ரை முகம் ஒரு இடத்திலையும் வரேல்லை. வேடத்தைக் கழட்டிப்போட்டு அவன் சிரிச்சுக் கதைச்சது ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. போனில் இடம் போதாமல் நான்தான் அழித்தேன்.

"தேடிப் பாக்கிறன் அக்கா."

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

படம் எடுத்த அன்றைக்குக் கடற்கரைக்கு வந்த நீங்கள் எல்லோரும் போனை நீட்டிக்கொண்டுதானே நின்றீர்கள்? அவன் முகம் இரண்டு செக்கன் இருந்தாலும் அனுப்புங்கள். என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.